‘ஈ’ என்று கேட்காதே, ‘தா’ என்று கேள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் தம்பியின் பேத்தி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். பெரிய தொண்டு நிறுவனம் ஒன்றில் அவளுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. ‘மேஜர் கிஃப்ட்ஸ்’ பிரிவுக்கு அவள்தான் இனி தலைவியாம்.

“அப்படின்னா என்ன பாப்பா?” என்று கேட்டேன்.

“பெரிய பணக்காரங்ககிட்ட பெரிய தொகையா நன்கொடை வாங்குறது தாத்தா. நீங்க ரிட்டையர் ஆனப்புறம் பண்ணீங்களே, அதேதான். உங்களுக்குச் சம்பளம் இல்ல, எனக்குச் சம்பளம் உண்டு.”

பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவிக்கு இது காதில் விழுந்துவிட்டது. “படிச்ச பொண்ணு பிச்சை எடுக்கப் போகுதா?” என்றாள். ஒன்பது வருடம் என்னைப் பார்த்துச் சொன்ன அதே வாக்கியம்தான். ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

பேத்திக்குப் போனில் சொன்னது பாதி, சொல்லாமல் விட்டது பாதி. எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். இந்த வேலையைப் பற்றி நம் ஊரில் இரண்டு தப்பான எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, இது பிச்சை. இரண்டு, வாய்ச் சாமர்த்தியம் உள்ளவன்தான் இதைச் செய்ய முடியும். இரண்டையும் நான் மறுக்கிறேன். என் அனுபவத்தில் இது ஒரு நல்ல குமாஸ்தாவின் வேலை. பெயர்ப் பட்டியல், தேதி, ரசீது, சட்டம், பொறுமை இவைதான் அதற்குத் தேவை. இவற்றில் ஒன்றில் நான் கோட்டைவிட்டதால் நேர்ந்த நஷ்டம் இன்றைக்கும் புதுச்சேரியில் மொட்டைத் தூண்களாக நிற்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் 2010இல் அரசுக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றேன். அடுத்த வருடமே, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காகப் பகல் நேர மையம் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் கணக்கு எழுதத்தான் போனேன். வாடகைக் கட்டடம், மாடிப்படி ஏறித்தான் போகவேண்டும். பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் படியேறுவதைத் தினமும் பார்த்தேன். சொந்தமாகத் தரைத்தளத்தில் ஒரு கட்டடம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தேவை 80 லட்சம். யார் போய்க் கேட்பது என்றதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் குனியத் தாமதித்தேன். அப்படித்தான் நன்கொடைக் குழுத் தலைவர் ஆனேன்.

முதலில் போனது ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம். நாற்பது நிமிடம் பேசினேன். குழந்தைகளின் கஷ்டம், தாய்மார்களின் கண்ணீர், வீட்டு உரிமையாளரின் கெடுபிடி, ஒன்றையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார், கண்கூடக் கலங்கினார். மேசை இழுப்பறையைத் திறந்து 5,001 ரூபாயும் ஒரு தினசரிக் காலண்டரும் கொடுத்தார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. நாற்பது நிமிடத்தில் ஒரு தடவைகூட ‘இவ்வளவு வேண்டும்’ என்று நான் தொகையைச் சொல்லவில்லை. அவர் மனதில் தோன்றியதைக் கொடுத்தார். அழுது கேட்டவனுக்கு என்ன கொடுப்பார்களோ அதுதான் கிடைத்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் ‘தெமாந்தே’ என்றால் கேட்பது, ‘மாந்தியே’ என்றால் பிச்சை எடுப்பது. இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கும், பொருள் வேறு. நம் தமிழில் இதைவிட நுட்பமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஓய்வுக்குப் பிறகு தொல்காப்பியம் புரட்டியபோதுதான் தெரிந்தது. ஒரு பொருளை வேண்டும்போது, தாழ்ந்த நிலையில் இருப்பவன் ‘ஈ’ என்பான், சமமானவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான் என்று அங்கே இலக்கணம் இருக்கிறது. நான் அந்த ஜவுளிக்கடையில் ‘ஈ’ என்று கேட்டிருக்கிறேன். கேட்கவேண்டியது ‘தா’.

‘தா’ என்று எப்படிக் கேட்பது? அதற்கு முதலில் கேட்பவன் கையில் ஒரு கணக்கு வேண்டும். 80 லட்சத்தை எண்ணாயிரம் பேரிடம் ஆளுக்கு ஆயிரமாக வாங்கிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். கேட்க அழகாக இருக்கிறது. எண்ணாயிரம் வீட்டுப் படியேற ஆள் எங்கே? நான் ஒரு தாளில் படிக்கட்டு போட்டேன். 20 லட்சம் ஒருவர், 10 லட்சம் இருவர், 5 லட்சம் நால்வர், ஒரு லட்சம் பத்துப் பேர். ஆக 17 பேரிடமிருந்து 70 லட்சம். மீதி 10 லட்சம் சிறு நன்கொடையாக வரட்டும். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று நான்கு பேரை மனதில் வைத்தால்தான் ஒருவராவது தேறுவார். எனவே ஏறக்குறைய அறுபது பெயர் வேண்டும். அந்த அறுபது பெயரையும் ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதினேன். ஆளுக்கு ஒரு பக்கம். எப்போது பார்த்தோம், என்ன பேசினார், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, அடுத்து எப்போது போகவேண்டும், எல்லாம் அதில் இருந்தது. பேத்தியின் ஆபீசில் இதற்குக் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். நோட்டோ கம்ப்யூட்டரோ, எழுதுகிறவன் எழுதினால்தான் உண்டு.

இந்தப் படிக்கட்டுக் கணக்கு சின்ன ஊருக்கு மட்டுமல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். உலகம் முழுவதும் தமிழர்கள் பத்தும் நூறுமாக அனுப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடக் கொடுத்தார்கள். ஆனால் அதன் தொடக்கம் எது? 2015இல் அமெரிக்காவில் வாழும் மருத்துவர்கள் ஜானகிராமன், திருஞானசம்பந்தம் இருவரும் ஆளுக்கு 5 லட்சம் டாலரைத் தாங்களே முதலில் போட்டார்கள். பிறகுதான் மற்றவர்களிடம் கேட்டார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018இல் இலக்கு நிறைவேறியது. கேட்கிறவன் முதலில் தன் பையில் கைவிட்டிருந்தால், அடுத்தவரிடம் அவன் ‘தா’ என்று சமமாகக் கேட்கலாம். இதைப் பார்த்து நானும் என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு லட்சத்தை நான்கு தவணையாகக் கட்டினேன். என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருவர் வீட்டு வாசலிலும் எனக்குக் கால் கூசவில்லை.

இரண்டாவது பாடம், தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்வது. இது கேட்க எளிது, செய்யக் கடினம். “ஐயா, பிசியோதெரபி அறைக்கு 5 லட்சம் உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறோம்” என்று சொல்லி நிறுத்தவேண்டும். அந்த மௌனம் தாங்காது. ‘முடியாவிட்டால் பரவாயில்லை, ஐம்பதாயிரம் என்றாலும் சரி’ என்று நாமே இறங்கிவிடத் தோன்றும். இறங்கினால் அவர் ஐம்பதாயிரத்தில் நிற்பார். பள்ளியில் வாய்மொழித் தேர்வின்போது எங்கள் பிரெஞ்சு வாத்தியார், பதில் சொல்லி முடித்தபிறகு ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்று கண்டிப்பார். கூடுதலாகப் பேசினவனெல்லாம் மார்க் இழந்தான். அறுபத்து மூன்று வயதில் அது எனக்குப் பயன்பட்டது.

மூன்றாவது, கொடுப்பவர் சொல்வதைக் கேட்பது. பெரிய தொகை கொடுக்கிறவர் வெறும் இரக்கத்தால் கொடுப்பதில்லை. அவர் மனதில் ஏற்கெனவே ஒன்று கிடக்கும். இறந்துபோன மகள், படிக்க முடியாமல் போன தம்பி, பிழைக்க வந்த ஊருக்குப் பட்ட கடன். அந்தக் காலத்துப் பெருங்கொடைகளையும் இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் வந்ததற்கு அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் காரணம். வறண்ட தன் ஊருக்கு ஒரு பெரிய ஆய்வுக்கூடம் வரவேண்டும் என்ற ஆசை அவரிடமே இருந்தது. எங்கள் புதுச்சேரியில் கலவைக் கல்லூரி என்று சொல்கிறோமே, அந்தப் பெயரே கொடுத்தவரான கலவை சுப்பராய செட்டியாரின் பெயர்தான். இருக்கிற ஆசைக்கு வழி காட்டலாம், இல்லாத ஆசையை நாம் உண்டாக்க முடியாது. ஆகவே முதல் இரண்டு சந்திப்பில் நான் பணப் பேச்சே எடுக்கமாட்டேன். மையத்துக்கு ஒருமுறை வரச் சொல்வேன். மாடிப்படி அருகில் ஒரு பத்து நிமிடம் நிற்கவைப்பேன். நாற்பது நிமிடப் பேச்சைவிட அந்தப் படி நன்றாகப் பேசியது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பணக்காரர் பின்னால் இப்படி அலைந்தால் கடைசியில் அறக்கட்டளை அவர்கள் வீட்டுச் சமையல்காரன் மாதிரி ஆகிவிடாதா? ஆகும். நான் கண்ணால் பார்த்தேன். ஓர் அரிசி ஆலை அதிபர் எங்கள் படிக்கட்டின் உச்சிப் படியான 20 லட்சத்தைத் தர முன்வந்தார். இரண்டு நிபந்தனை. மையம் முழுவதற்கும் அவர் அப்பா பெயர், அவர் மைத்துனர் நிர்வாகி. குழுவில் பாதிப் பேர் தயாராகிவிட்டார்கள். நான் அவரிடம் போய், “ஒரு அறைக்கு உங்கப்பா பேர் வைக்கிறோம், சந்தோஷமா வைக்கிறோம். நிர்வாகி வேலைக்கு உங்க மைத்துனரும் மனு போடட்டும், மத்தவங்க மாதிரி” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மூன்று மாதம் போனை எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டு 10 லட்சம் கொடுத்தார், அறைக்கு அப்பா பெயரோடு. பாதி போயிற்று என்று குழுவில் முணுமுணுத்தார்கள். போனது பாதிதான். மையம் முழுசாக எங்களிடம் இருந்தது.

‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாதவரைப் பெரும் நன்கொடைக்குத் தலைமை ஏற்க விடக் கூடாது என்பேன். அதே காரணத்தால்தான், இந்த வேலைக்குச் சம்பளம் கொடுப்பது சரி, கமிஷன் கொடுப்பது தவறு என்கிறேன். நூற்றுக்கு இவ்வளவு என்று பங்கு வாங்குகிறவன் 20 லட்சத்துக்கு ‘வேண்டாம்’ சொல்வானா? அமெரிக்காவில் நன்கொடை திரட்டும் தொழில் செய்வோருக்கே ஒரு சங்கம் இருக்கிறது. அவர்களுடைய நெறிமுறையும் விழுக்காட்டுக் கூலியைத் தடை செய்கிறது. பேத்திக்குச் சம்பளம் என்று கேட்டு எனக்கு நிம்மதி.

இன்னொரு குறை, இது கொடுப்பவர்களைப் பற்றியது. கல்லுக்குக் கொடுக்க ஆள் உண்டு, கைக்குக் கொடுக்க ஆள் இல்லை. சுவர் கட்டினால் பெயர்ப் பலகை வைக்கலாம். பிள்ளையின் விறைத்த காலைத் தினமும் அரை மணி நேரம் நீவிவிடுகிற பெண்ணின் மாதச் சம்பளத்தில் எங்கே பலகை வைப்பது? கரண்ட் பில்லுக்கு யார் பெயரைப் பொறிப்பது? நிர்வாகச் செலவு என்றாலே திருட்டு என்று நினைக்கிறோம். கட்டி முடித்துப் பூட்டிக் கிடக்கிற தர்மக் கட்டடங்கள் நம் ஊர்களில் எத்தனை! நான் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். கட்டடத்துக்குக் கேட்கும் ஒவ்வொரு தொகையிலும் பத்தில் ஒரு பங்கு பிற்பாடு நடத்தும் செலவுக்கு வைப்பு நிதியாகப் போகும் என்று முன்கூட்டியே எழுதிக் காட்டிவிடுவேன். பயந்துகொண்டேதான் காட்டினேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. ஒரு ஓய்வுபெற்ற மருத்துவர், “இப்பத்தான்யா ஒருத்தர் ஒழுங்கா யோசிச்சு வந்திருக்கீங்க” என்றார். அவர் 5 லட்சம் கொடுத்தார்.

பிறகு ரசீது. சிரிக்காதீர்கள், பாதி வேலை இதுதான். வருமான வரிச் சட்டப்படி அதற்கான பதிவு இருந்தால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. 2021-22 நிதியாண்டிலிருந்து நன்கொடை விவரத்தை நிறுவனமே வரித்துறைக்குத் தாக்கல் செய்து, கொடுத்தவருக்குச் சான்றிதழ் தரவேண்டும். அதில் பெயர் இல்லாவிட்டால் அவருக்குச் சலுகை போய்விடும், நம்மேல் நம்பிக்கையும் போய்விடும். புதிய வரி முறைக்கு மாறியவருக்கு இந்தச் சலுகையே இல்லை. அதை மறைத்து ‘வரி மிச்சமாகும்’ என்று ஆசை காட்டக் கூடாது. கம்பெனிகளிடம் போவதானால் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போகவேண்டும். நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடும் கடமை அதற்கு வந்துவிடும். கடமை உள்ளவரிடம் ‘ஈ’ என்று நிற்கவேண்டியதே இல்லை.

ரசீதுக்குப் பிறகு கணக்கு. பணம் வாங்கிய ஆறாவது மாதம், கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் நான் ஒருமுறை போவேன். என்ன செலவாயிற்று, என்ன மிச்சம், எது தாமதம் என்று ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோவேன். செங்கல் விலை ஏறியதால் திட்டம் தள்ளிப்போனதையும் எழுதுவேன். கெட்ட செய்தியை நாமே போய்ச் சொன்னால் அடுத்த காசோலை தானாக வருகிறது. இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

இப்படியெல்லாம் சட்டம் பேசுகிறவன் தவறியது எங்கே என்று இனிச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. என்னுடன் பள்ளியில் படித்தவனின் தமக்கை. பிரெஞ்சு இராணுவத்தில் இருந்த சொல்தாவைக் கல்யாணம் செய்துகொண்டு பல வருடம் வெளியூரில் இருந்துவிட்டு, கணவர் இறந்தபின் புதுச்சேரியிலேயே வந்து தங்கிவிட்டார். ஊரார் ‘மதாம்’ என்பார்கள், எனக்கு எப்போதும் அக்கா. 2016இல் ஒருநாள் மையத்துக்கு வந்து படிக்கட்டருகே நின்றவர், ஒன்றும் பேசாமல் போனார். மறுநாள் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு ஒரு பெண் குழந்தை இதே நோயோடு பிறந்து ஏழு வயதில் போய்விட்டதாம். அத்தனை வருடப் பழக்கத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. “அந்தக் காலை நீவி விடுற அறை இருக்கே தம்பி, அத நான் கட்டித் தரேன். எவ்வளவு?” என்றார். 15 லட்சம் என்றேன். வாயை மூடிக்கொண்டேன். “சரி” என்றார்.

அடுத்த வாரம் காசோலைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “அடையாளத்துக்கு என்ன நகல் வேணும்?” என்று கேட்டபடி அலமாரியிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒயின் நிறம். பிரெஞ்சு பாஸ்போர்ட்.

வெளியூர் நண்பர்களுக்கு இது விளங்காது. புதுச்சேரி 1954 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அப்போது இங்கிருந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். எங்களப்பா எழுதிக் கொடுக்கவில்லை, இந்தியர் ஆனோம். நாலு வீடு தள்ளி இருந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே தெரு, ஒரே குழாயடி, ஒரே கோவில் கூழ். சட்டத்துக்கு மட்டும் நாங்கள் வேறு, அவர்கள் வேறு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், சுருக்கமாக எஃப்.சி.ஆர்.ஏ., வெளிநாட்டுக் குடிமகன் கொடுப்பதை வெளிநாட்டுப் பணமாகத்தான் பார்க்கும். அவர் தமிழராக இருந்தாலும், இங்கேயே வாழ்ந்தாலும், இந்திய வங்கியில் ரூபாயாகவே கொடுத்தாலும் அப்படித்தான். மாறாக, பாரிசில் வேலை பார்க்கிற இந்திய பாஸ்போர்ட்காரர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது உள்நாட்டுப் பணம். எங்கள் அறக்கட்டளைக்கு அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இல்லை. தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்திருக்கவேண்டியவன் நான்.

குழு கூடியது. ஒருவர் சொன்னார், “இதுல என்னங்க இருக்கு? அவங்க பணத்த அவங்க அண்ணன் மகன் கணக்குல போடச் சொல்லுவோம். அந்தப் பையன் இந்தியன்தானே? அவன் பேர்ல காசோலை வாங்கிடலாம்.” பலர் தலையாட்டினார்கள். நான் எழுந்து, அது சட்டத்தை ஏமாற்றுவது, பிடிபட்டால் மையமே போகும், அப்படிச் செய்வதானால் என் ராஜினாமாவை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். “உங்க ரூல் புக்கால பிள்ளைங்க கால் நிமிருமா?” என்று ஒரு தாய் கேட்டார். அவரும் குழு உறுப்பினர்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. பதிவு இல்லாதவர்கள் குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து குறிப்பிட்ட தொகையைக் குறிப்பிட்ட வேலைக்கு வாங்க மத்திய உள்துறை அமைச்சகத்திடம் முன் அனுமதி கேட்கலாம். விண்ணப்பித்தோம். அக்காவிடமிருந்து வாக்குறுதிக் கடிதம், திட்ட அறிக்கை, தணிக்கை அறிக்கை எல்லாம் வைத்தேன். ஒவ்வொரு மாதமும் அவர் வீட்டுக்குப் போய் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். “வரும் தம்பி, அவசரம் என்ன” என்று காபி கொடுப்பார். ஏழாவது மாதம் ஒரு விடியற்காலை அவருக்குப் பக்கவாதம். இரண்டு நாளில் முடிந்துவிட்டது. உயில் எழுதவில்லை. பிரான்சிலிருந்து வந்த மகனுக்கு இந்த விஷயமே தெரியாது. துக்க வீட்டில் அந்தக் கடிதத்தைக் காட்ட எனக்குக் கை வரவில்லை.

கடைசியில் எங்கள் கைக்கு வந்தது 65 லட்சம். கட்டடம் எழுந்தது, தரைத்தளத்தில். இப்போது யாரும் பிள்ளையைச் சுமந்து படியேறுவதில்லை. ஆனால் பின்பக்கம் பிசியோதெரபி அறைக்குப் போட்ட அஸ்திவாரத்தில் ஆறு தூண்கள் மட்டும் நிற்கின்றன. மேலே கம்பி நீட்டிக்கொண்டு துருப்பிடித்திருக்கிறது. நீவுகிற வேலை வகுப்பறையின் ஒரு மூலையில் திரை போட்டு நடக்கிறது.

அன்று அண்ணன் மகன் கணக்கில் வாங்கியிருக்கலாமோ என்று என்னை நானே பல இரவு கேட்டிருக்கிறேன். கூடாதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2020இல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். வெளிநாட்டுப் பணம் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேரவேண்டும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் வந்தது. இவ்வளவு கெடுபிடி சின்ன நிறுவனங்களை நசுக்குகிறது என்பதும் என் அபிப்பிராயம். அதைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லலாம். திருட்டு வழி அதற்கு மருந்தாகாது.

என் தவறு வேறு. புதுச்சேரியில் பிறந்து, 1962ஐக் கண்ணால் பார்த்து, முப்பத்து நான்கு வருடம் அரசுக் கணக்கில் இருந்தவன், 2011லேயே அறக்கட்டளைக்கு அந்தப் பதிவை வாங்கி வைக்க முயன்றிருக்கவேண்டும். என் நோட்டில் அக்காவின் பக்கத்தில் எல்லாம் இருந்தது. மூட்டுவலி, மகன் ஊர், காபிக்குச் சர்க்கரை வேண்டாம். குடியுரிமை மட்டும் இல்லை. நம் தெரு அக்காவை வெளிநாட்டவர் என்று நினைக்க மனம் வரவில்லை. பாசத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டேன். குமாஸ்தா செய்யக் கூடாத தவறு அது.

ஆகவே பேத்திக்கு நான் சொன்ன புத்தி இதுதான். “பாப்பா, பேச்சுத் திறமை உன்கிட்ட இருக்கு, அது போதும். நீ போய்க் கேக்குறதுக்கு முந்தி, அவங்க சரின்னு சொன்னா அந்தப் பணத்த வாங்க உனக்கு வழி இருக்கான்னு பாரு. வழி இல்லாம கேக்காத. வயசானவங்க நாளைக்குன்னு காத்திருக்க மாட்டாங்க.”

“பாஸ்போர்ட் என்ன நிறம்னு முதல்லயே கேக்கணுமா தாத்தா?” என்று சிரித்தாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது. நானும் போனில் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

2019இல் குழுத் தலைமையை விட்டுவிட்டேன். அதன்பிறகு ஒருவரிடமும் நான் போய்க் கேட்கவில்லை. முக்கியமாக அந்தத் தூண்களைக் காட்டிக் கேட்க மனம் வரவில்லை. போனை வைத்ததும் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அக்காவின் பக்கத்துக்கு அடுத்த பக்கம் அந்த ஜவுளிக்கடை முதலாளி. இப்போது மகன் கடையைப் பார்க்கிறான். எழுபத்தைந்து வயதில் இன்னொரு தடவை படியேறிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இந்தத் தடவை தொகையைச் சொல்வேன். கம்பி விலை, சிமென்ட் விலை, ஒரு பெண்ணின் சம்பளம் எல்லாம் போட்டு ஒரு தாள் தயார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “திரும்பவும் ஆரம்பிச்சாச்சா?” என்றாள். பிச்சை என்ற சொல்லை இந்த முறை சொல்லவில்லை.